ஒப்பந்தச் சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? முதலாம் ஆண்டு மாணவியின் கேள்வி

வயற்கரை எழுதியது:

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவள். சட்டமாணிப் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னர் எவரும் பல்கலைக்கழகம் போனதில்லை என்பதால், சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிய வீட்டில் ஆளில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒப்பந்தச் சட்ட இடைத்தேர்வில் எனக்கு 38 புள்ளிகள் கிடைத்தன. வினா இதுதான்: கனடாவில் இருக்கும் மாமன் ஒருவர், மருமகளின் படிப்பு முடியும்வரை மாதம் 20,000 ரூபா அனுப்புவதாகக் கடிதம் எழுதுகிறார், அவளும் நன்றி சொல்லிப் பதில் எழுதிவிட்டு, செய்துவந்த பகுதிநேர வேலையை விடுகிறாள், எட்டு மாதத்தின் பின்னர் பணம் நின்றுவிடுகிறது, அவளுக்குப் பரிகாரம் உண்டா? நான் கொடைமுனைவு (ஒப்பந்தத்துக்காக ஒருவர் முன்வைக்கும் பேச்சு), அதை மற்றவர் ஏற்பது எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கி, மருமகள் பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை ஆதலால் மறுபயன் இல்லை, மறுபயன் இல்லாத இடத்தில் ஒப்பந்தமும் இல்லை என்று முடித்திருந்தேன். விடைத்தாளின் ஓரத்தில் விரிவுரையாளர் சிவப்பு மையால், "இது எந்த நாட்டுச் சட்டம்?" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறி வந்த, படிக்கு மேல் படி எடுத்து எழுத்து மங்கிப்போன குறிப்புகளைத்தான் படித்தேன். கார்லில் அம்மையார் புகைக்குண்டு வாங்கிய கதையில் தொடங்கி நாற்பது வழக்குகளின் பெயரும் ஆண்டும் எனக்கு மனப்பாடம். ஆனால் வினாத்தாளில் ஒரு கதையைக் கொடுத்தால் எந்த வழக்கை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?

மல்லாவிப் பெடியன் எழுதியது:

தங்கச்சி, நான் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். முதலாம் ஆண்டில் எனக்குக் கிடைத்தது 41. உங்கள் விரிவுரையாளர் கேட்ட கேள்வியில்தான் பாடத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

நீங்கள் எழுதியது இங்கிலாந்தின் சட்டம். அங்கே ஒரு வாக்குறுதியை நீதிமன்றத்தில் வலியுறுத்த வேண்டுமானால், அதற்கு ஈடாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். இலங்கையின் பொது ஒப்பந்தச் சட்டம் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த உரோமன் டச்சுச் சட்டம். அது மறுபயனைக் கேட்பதில்லை, வாக்குறுதிக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்ததா என்றே கேட்கிறது. 1918 இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய என்ற வழக்கில், இங்கிருந்து மேன்முறையீடாகப் போன குடும்ப வாக்குறுதி ஒன்றைப் பற்றி அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகமே இதைத் தீர்த்துச் சொன்னது. ஒருவர் நன்றாக யோசித்து, தார்மீகக் கடமை ஒன்றை நிறைவேற்றவோ தாராள மனத்தாலோ கொடுத்த வாக்குறுதிகூட எமது சட்டத்தில் கட்டுப்படுத்தும் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டே தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கொன்றாடி எதிர் றொசோ வழக்கில் மறுபயன் தங்கள் சட்டத்தின் பகுதியல்ல என்று முடிவு கட்டியது.

ஆகவே மாமன் விளையாட்டாக எழுதினாரா, கட்டுப்படும் எண்ணத்தோடு எழுதினாரா என்பதே உங்கள் வினாவின் மையம். நீங்கள் அந்த இடத்தைத் தொடாமலே போய்விட்டீர்கள்.

இன்னொன்று: குறிப்புகளில் ஒரே சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் வரும். ஒரு தாளில் மறுபயன், இன்னொன்றில் பிரதிபலன், மற்றொன்றில் கைம்மாறு. தமிழ்நாட்டுப் புத்தகம், இங்கத்தைய வர்த்தகப் பாடநூல், விரிவுரையாளரின் சொந்த மொழிபெயர்ப்பு எல்லாம் கலந்து கிடப்பதால் வரும் குழப்பம் அது. நான் முதல் அரையாண்டு முழுவதும் அவை மூன்று வெவ்வேறு கோட்பாடுகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

மல்லாவித் தம்பி சொன்னது சரி. அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் வன்னி நீதிமன்றங்களில் பதினேழு ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன்.

நாடு பிரித்தானியரின் கைக்கு வந்தபோது, ஒல்லாந்தர் காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டம் தொடரும் என்று 1799 இல் பிரகடனம் செய்தார்கள். அப்படித்தான் உரோமன் டச்சுச் சட்டம் எங்களோடு தங்கியது. பின்னர் வர்த்தகம் பெருகியபோது 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் வங்கி, பங்குடைமை, முகவர், காப்புறுதி போன்ற துறைகளில் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. பொருள் விற்பனைக்கு 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அது ஆங்கிலேயரின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியது. ஆகவே இலங்கை மாணவர் எந்த ஒப்பந்தப் பிரச்சினையைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வாய்க்காலில் ஓடும் தண்ணீர் என்பதே. மாமனின் வாக்குறுதி உரோமன் டச்சு வாய்க்கால். ஆலைக்காரருக்கு நெல் விற்பது பொருள் விற்பனை. அங்கே ஆங்கில வழக்குகளுக்கு நேரடி மதிப்பு உண்டு. காணி விற்பது திரும்பவும் உரோமன் டச்சு. அதன் மேலே எங்கள் சொந்தக் கட்டளைச் சட்டங்கள்.

மாமனின் வாக்குறுதி நன்கொடை வாக்குறுதி என்பதால், அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கவும் வேண்டும். மருமகள் எழுதிய நன்றிக் கடிதம் அதற்காகத்தான் வினாவில் வைக்கப்பட்டிருக்கிறது. வினா தயாரிப்பவர் சும்மா ஒரு வரியை எழுதமாட்டார். வேலையை விட்டது, பதில் எழுதியது, எட்டு மாதம் பணம் வந்தது ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொக்கி. எந்தக் கொக்கியில் எதைக் கொழுவுவது என்று பாருங்கள்.

புத்தகம் கேட்டால், வீரமந்திரி ஒப்பந்தச் சட்டம் பற்றி 1967 இல் எழுதிய இரண்டு பெருந்தொகுதிகளை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். முழுவதையும் முதலாம் ஆண்டில் வாசிக்க முடியாது, வாசிக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு தலைப்பிலும் உரோமன் டச்சு நிலைப்பாட்டையும் ஆங்கில நிலைப்பாட்டையும் அவர் ஒப்பிட்டு எழுதும் பகுதிகளை மட்டும் படித்தாலே உங்கள் விடைத்தாளின் ஓரத்தில் அந்தச் சிவப்பு வரி மறுபடி வராது.

வயற்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் ஒரு முரண்பாடு எனக்கு விளங்கவில்லை. பல்ஃபோர் எதிர் பல்ஃபோர் வழக்கு எங்கள் குறிப்பில் இருக்கிறது. கணவன் மனைவிக்கு மாதம் 30 பவுண் தருவதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விட்டார். குடும்பத்துக்குள் பேசிக்கொண்டது ஒப்பந்தமாகாது என்று 1919 இல் நீதிமன்றம் சொன்னது. 1918 இல் குடும்பத்துக்குள் கொடுத்த வாக்கு கட்டுப்படுத்தும் என்கிறார்கள். 1919 இல் கட்டுப்படுத்தாது என்கிறார்கள். மாமன் மருமகள் வினாவுக்கு நான் எதைப் பயன்படுத்துவது?

கறுப்புக்கோட்டு எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு சட்டங்களின் கீழ் வந்த தீர்ப்புகள் என்பது முதற் பதில். ஆனால் அதோடு விட்டால் அரைகுறைப் பதில்தான். பல்ஃபோர் வழக்கில் அற்கின் நீதியரசர் அழுத்திச் சொன்னது, தங்கள் பேச்சைச் சட்டம் வரை கொண்டுபோகும் எண்ணம் அந்தத் தம்பதிக்கு அப்போது இருக்கவில்லை என்பதை. கட்டுப்படும் எண்ணம் என்பது உரோமன் டச்சுச் சட்டத்துக்கும் அந்நியமானதல்ல. அதுவும் பாரதூரமான, யோசித்துக் கொடுத்த வாக்கையே கேட்கிறது. எனவே மாமனின் பக்கத்தில் நின்று வாதாடும்போது பல்ஃபோரை இணங்கச்செய்யும் ஒப்பீடாக எடுத்துக் காட்டலாம். எங்களைக் கட்டும் முன்தீர்ப்பாகக் காட்டக்கூடாது. மறுபக்கத்தில், மாமன் கடிதமாக எழுதினார், தொகை சொன்னார், காலம் சொன்னார், எட்டு மாதம் கொடுத்தும் இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் சொன்ன வார்த்தை அல்ல அது. இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டு எது வலுவானது என்று நீங்கள் சொல்லுங்கள். முடிவுக்கு அல்ல, அதற்குப் போன வழிக்கே புள்ளி.

குளக்கட்டு எழுதியது:

நான் சட்டம் படித்தவனல்லன். ஓய்வுபெற்ற ஆசிரியன், மத்தியஸ்த சபையில் சில காலம் இருந்தவன். பிள்ளை எழுதிய பல்ஃபோர் வழக்கைப் பற்றி என் மகன் படித்தபோது அறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கணவர் வேறு யாருமல்லர். இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பணிப்பாளர். விடுமுறையில் இங்கிலாந்துக்குப் போன இடத்தில் மனைவிக்கு உடல்நலம் சரியில்லாமல் போக, வைத்தியரின் சொற்படி அவர் அங்கேயே தங்க, 1916 ஓகஸ்டில் கணவர் மட்டும் இலங்கைக்குக் கப்பலேறும் வேளையில் சொன்ன வார்த்தைதான் அந்த 30 பவுண். எங்கள் குளங்களுக்குப் பொறுப்பான திணைக்களத்தின் தலைவர் பெண்சாதிக்குக் கொடுத்த வாக்கைத்தான் உலகமெல்லாம் சட்ட மாணவர் படிக்கிறார்கள். இரணைமடுத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வழக்கு இனி மறக்காது என்று நினைக்கிறேன்.

மல்லாவிப் பெடியன் எழுதியது:

ஐயா, மூன்று ஆண்டுகள் படித்தும் எனக்கு இது தெரியாது. வழக்கின் பெயரையும் விதியையும் மட்டும் பாடமாக்கி, தீர்ப்பை வாசிக்காமல் விடுவதால் வரும் நட்டம் இதுதான். தங்கச்சி, நாற்பது வழக்கு மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டுப் பத்துத் தீர்ப்புகளை முழுதாக வாசியுங்கள். பல்ஃபோர் சில பக்கங்கள்தான்; ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். எனக்கும் உயர்தரம்வரை தமிழ்மொழி மூலந்தான். முதல் தீர்ப்பை முடிக்க ஒரு கிழமை சென்றது, பத்தாவதை ஓர் இரவில் முடித்தேன்.

தவணைக்காசு எழுதியது:

நான் வவுனியாவில் லீசிங் கம்பனி ஒன்றில் வேலை செய்துகொண்டே தொலைக்கல்வியில் சட்டம் படிக்கிறேன். வேலையிடத்தில் ஒவ்வொரு நாளும் பார்ப்பதைச் சொல்கிறேன். உழவு இயந்திரத்துக்கு லீசிங் எடுக்க வருபவரின் முன்னால் பன்னிரண்டு பக்கப் படிவத்தை வைக்கிறோம். அவருக்குத் தெரியாத மொழியில், எறும்பு எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம். ஒருவராவது வாசித்ததை நான் கண்டதில்லை. வாசிக்க நேரம் கொடுத்ததையும் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாடத்தில் 1934 ஆம் ஆண்டின் லெஸ்ற்றேஞ்ச் எதிர் கிறௌகொப் வழக்கு வந்தது. சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரத்தை வாங்கிய பெண், வாசிக்காமல் கையொப்பமிட்ட தாளில் இருந்த சிறிய எழுத்து வாசகத்தால் கட்டுப்பட்டார். உரோமன் டச்சுச் சட்டத்திலும் ஒப்பமிடுபவர் தானே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் எங்கள் நாட்டில் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் இருக்கிறது என்பதை எந்தக் குறிப்பிலும் நான் காணவில்லை. பொறுப்பைக் கழற்றிவிடும் வாசகங்களை நியாயத்தன்மை என்ற உரைகல்லில் உரசிப் பார்க்க அந்தச் சட்டம் இடமளிக்கிறது. விதிவிலக்கு வாசகம் பற்றிய வினாவில் அதை எழுதாமல் விட்டால் மறுபடியும் அந்தச் சிவப்பு மைதான்.

வயற்கரை எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தைரியம் வந்ததால் வீட்டுப் பிரச்சினை ஒன்றையும் கேட்கிறேன். இது எனக்குப் பயிற்சி வினாவாகவும் இருக்கும்.

கண்டாவளைப் பக்கத்தில் அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் வயல். 2018 காலபோகத்துக்கு நெல் வியாபாரி ஒருவர் விதைநெல்லும் உரமும் கடனுக்குத் தந்து, 40,000 ரூபா முற்பணமும் கொடுத்தார். அறுவடை முடிந்ததும் பேசிய விலைக்கு 60 மூடை நெல் கொடுப்பதாக அப்பா ஒரு துண்டில் கையொப்பமிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் வயல் முழுவதும் தண்ணீருக்குள் போய், வெட்டியது பதினொரு மூடை மட்டும். வியாபாரி 60 மூடையையும் வேறிடத்தில் வாங்கியாவது தர வேண்டும் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு போகமும் அப்பா நான்கைந்து மூடையை அவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். சட்டப்படி அப்பா கொடுக்க வேண்டுமா?

மல்லாவிப் பெடியன் எழுதியது:

இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த வழக்கு இருக்கிறது: 1876 இல் ஹவல் எதிர் கூப்லண்ட். விவசாயி ஒருவர் தன் குறிப்பிட்ட காணியில் விளையப்போகும் உருளைக்கிழங்கில் 200 தொன் விற்பதாக ஒப்பந்தம் செய்தார். பயிரில் நோய் விழுந்து ஏறத்தாழ 80 தொன்தான் கிடைத்தது. கிடைத்ததைக் கொடுத்தார், மிகுதிக்கு அவர் பொறுப்பல்லர் என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே பதினொரு மூடையோடு அப்பாவின் கடமை முடிந்தது.

கறுப்புக்கோட்டு எழுதியது:

தம்பி, அவசரப்படாதீர்கள். கூப்லண்ட் தப்பியது அவருடைய ஒப்பந்தம் குறிப்பிட்ட காணியின் விளைச்சலைப் பற்றியதாக இருந்ததால். வெறுமனே "60 மூடை நெல்" என்றால் அது இனப்பொருள், அதாவது எந்த நெல்லாக இருந்தாலும் சரி. உலகத்தில் நெல் அழிந்துவிடவில்லை, சந்தையில் வாங்கிக் கொடுக்கலாம் என்று வியாபாரி சொல்லும் வாதம் உரோமன் டச்சுச் சட்டத்திலும் ஆங்கிலச் சட்டத்திலும் நிற்கும். எனவே எல்லாம் அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. எங்கள் வயலில் விளையும் நெல் என்று எழுத்திலோ, சூழ்நிலையிலிருந்து ஊகிக்கத்தக்க விதத்திலோ இருந்ததா? விதைநெல்லையும் உரத்தையும் அந்த வயலுக்கென்றே வியாபாரி கொடுத்தார் என்பது உங்கள் பக்கத்துக்கு நல்ல சான்று.

அந்த வயலின் நெல் என்று வைத்துக்கொண்டாலும், விளைந்த பதினொரு மூடையை வியாபாரிக்கே கொடுத்திருக்க வேண்டும். 1972 இல் செயின்ஸ்பரி எதிர் ஸ்றீற் வழக்கில் 275 தொன் வாற்கோதுமை விற்பதாக ஒப்பந்தம் செய்த விவசாயி, 140 தொன்தான் விளைந்தது என்று சொல்லி அதைக் கூடுதல் விலைக்கு வேறொருவருக்கு விற்றார். அதற்கு அவர் நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. அப்பா அந்தப் பதினொரு மூடையை என்ன செய்தார்?

வயற்கரை எழுதியது:

வியாபாரிக்குத்தான் கொடுத்தார், ஐயா. நாங்கள் அந்த ஆண்டு நிவாரண அரிசி சாப்பிட்டோம்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

அப்படியானால் மிகுதி 49 மூடைக்குத்தான் வாதம். இனி முற்பணம். நெல் கொடுக்கும் கடமை நீங்கினாலும், விளையாத நெல்லுக்காக வாங்கிய பணத்தை வைத்திருக்க முடியாது. நியாயமற்ற முறையில் செல்வம் சேர்த்தல், அதாவது உரிய காரணமின்றி மற்றவர் பணத்தால் பயனடைதல், என்ற தலைப்பின் கீழ் அதைத் திருப்பிக் கேட்கலாம். விதைக்கும் உரத்துக்கும் உரிய கடன் தனிக் கணக்கு.

அடுத்தது காலவிதிப்பு, அதாவது வழக்குப் போடுவதற்கான கால எல்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகள், கடைக் கொப்பியில் எழுதிய பொருட்கடனுக்கு 1 ஆண்டு. மாணவர் பலர் இந்த மூன்றையும் குழப்புவார்கள். ஒரே கொடுக்கல் வாங்கலுக்குள்ளே துண்டுக்கு ஒரு காலம், உரக் கடனுக்கு இன்னொரு காலம் ஓடியிருக்கலாம். ஆனால் அப்பா ஒவ்வொரு போகமும் அனுப்பிய நான்கைந்து மூடையைப் பகுதிக் கொடுப்பனவு என்று வியாபாரி காட்டினால், காலவிதிப்பு என்ற கேடயம் கைநழுவிப் போகக்கூடும். மேலும் காலம் கடந்துவிட்டது என்ற எதிர்வாதத்தை வழக்கின் எதிராளி, இங்கே அப்பா, தானே எடுத்துச் சொல்ல வேண்டும்; நீதிபதி தாமாக எடுத்துத் தரமாட்டார்.

இது பாடப் பயிற்சிக்காக எழுதியது. உண்மையான வழக்காக மாறினால் துண்டோடு ஒரு சட்டத்தரணியை நேரில் காணுங்கள்.

குளக்கட்டு எழுதியது:

சட்டத்தரணி ஐயா சொன்னதற்கு நான் எதிர்சொல் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளையின் தகப்பன் ஏன் அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு விளங்குகிறது. அடுத்த போகத்துக்கு விதைநெல் தருவதும் அதே வியாபாரிதான். மத்தியஸ்த சபைக்கு வந்த நெல்லுப் பிணக்குகளில் சட்டத்தால் தீர்ந்ததைவிட, அடுத்த விதைப்பை நினைத்துத் தீர்ந்ததுதான் அதிகம். சபையில் நாங்கள் முதலில் கேட்டது, எவ்வளவு கொடுத்தாகிவிட்டது என்று இருவரும் ஒரே கணக்கைச் சொல்கிறார்களா என்பதை. பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

காணி விடயத்திலும் ஒன்று கேட்க வேண்டும். மீள்குடியேறிய காலத்தில் காசு முட்டுப்பாட்டால் காணியை அரைவிலைக்கும் குறைவாக விற்றவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதற்குப் பரிகாரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

உண்மைதான், ஐயா, தேர்வுக்கும் அது அருமையான தலைப்பு. உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைவாக விற்றவர் விற்பனையைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்ற உரோமச் சட்டக் கோட்பாடு எங்களிடம் இன்னும் உயிரோடிருக்கிறது. தென்னாபிரிக்கா அதை 1952 இல் சட்டமியற்றி ஒழித்துவிட்டது. ஆனால் விற்றவருக்கு உண்மைப் பெறுமதி தெரிந்திருந்தால் பரிகாரம் கிடைக்காது. முட்டுப்பாட்டால் விற்றவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியும். அவர்களுக்கு நல்லது வேறு வாசல்.

எங்கள் பகுதியில் கடன் வாங்கும்போது ஈட்டு உறுதி (அடைமானப் பத்திரம்) எழுதாமல் அறுதி உறுதி (முழு விற்பனைப் பத்திரம்) எழுதிக் கொடுத்து, காசைத் திருப்பியதும் காணியை மாற்றித் தருவேன் என்று வாயால் சொல்லும் வழக்கம் உண்டு. பெறுமதியின் கால்வாசிக்கு எழுதியிருப்பது, எழுதிய பின்னரும் விற்றவரே காணியில் இருப்பது போன்ற சூழ்நிலைகளிலிருந்து, உரிமையை முழுதாகக் கைவிடும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று காட்ட முடிந்தால், 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு கைகொடுக்கும் (நம்பிக்கைப் பொறுப்பு என்பது தன் பெயரில் உள்ள சொத்தை இன்னொருவருக்காக வைத்திருப்பது). ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் படித்தவர் வாய்ப்பேச்சு செல்லாது என்று எழுதி நிறுத்திவிடுவார். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பதற்கும், விற்பேன் என்று உடன்படுவதற்கும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது சரிதான். ஆனால் அதற்குப் பின்னாலும் ஒரு கதவு இருக்கிறது.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி என்றால் கதையே வேறு. வன்னியில் பெரும்பகுதி அப்படித்தான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் கைமாற்றினால், எவ்வளவு நல்ல தாளில் எழுதினாலும் செல்லாது. ஊரில் வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டி நடக்கும் விற்பனைகளைப் பார்த்தால் எனக்குத் தலைவலி வரும்.

தவணைக்காசு எழுதியது:

தேசவழமை என்ற எங்கள் மரபுவழிச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். வடமாகாணத் தமிழருக்கு அது பொருந்தும் இடத்தில், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவன் காணாமற்போனாலோ காரணமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கலாம். ஒப்பந்தம் செய்யும் தகைமை என்ற தலைப்பில் ஆங்கிலப் புத்தகம் பதினெட்டு வயதோடும் சித்தசுவாதீனத்தோடும் நின்றுவிடும். எங்கள் ஊரில் கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு விதிதான் முழுப் பாடமும்.

வயற்கரை எழுதியது:

நேற்று வீட்டுக்குப் போய் வந்தேன். அம்மாவின் றங்குப் பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். உரப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் வியாபாரி நீல மையால், "காலபோக நெல் 60 மூடை, பேசிய விலை, முற்பணம் 40,000" என்று எழுதி, கீழே அப்பா ஒப்பமிட்டிருக்கிறார். வயலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் முன்பக்கத்துப் பற்றுச்சீட்டில், "கண்டாவளை வயலுக்கு 5 ஏக்கர் அளவு" என்று அதே கையெழுத்து இருக்கிறது. இரண்டும் ஒரே தாள்.

கணக்கையும் கேட்டேன். அப்பா இதுவரை 43 மூடை என்கிறார். வியாபாரி 31 என்று சொல்லியிருக்கிறாராம். அப்பாவிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை.

கறுப்புக்கோட்டு எழுதியது:

பின்பக்கத்தை முன்பக்கத்தோடு சேர்த்து வாசிக்கலாமா என்பதே இப்போது உங்கள் வினா. நான் அப்பாவின் பக்கத்தில் நின்றால், ஒரே தாளில், ஒரே நாளில், ஒரே கையால் எழுதியது ஒரே கொடுக்கல் வாங்கல் என்பேன். மறுபக்கத்தில் நின்றால், உரம் எங்கே போனது என்பது வேறு, நெல் எங்கிருந்து வர வேண்டும் என்பது வேறு என்பேன். வாசகம் இரு பொருள் தந்தால் எழுதியவருக்குப் பாதகமாகவே வாசிக்க வேண்டும் என்ற விதி ஒன்று உண்டு. எழுதியவர் வியாபாரி என்பதைக் கவனியுங்கள். இன்றே அந்தத் தாளின் இரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துவிட்டு, மூலத்தைப் பெட்டியிலேயே விடுங்கள். அடுத்த முறை மூடை அனுப்பும்போது வியாபாரியிடம் பற்றுச்சீட்டு ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

வயற்கரை எழுதியது:

செய்கிறேன், ஐயா. மாமன் வினாவையும் திரும்ப எழுதத் தொடங்கினேன். முதற்பந்தி இப்படி வந்திருக்கிறது:

"இவ்வினா நன்கொடை வாக்குறுதி ஒன்றைப் பற்றியதாதலால், இதற்குரிய சட்டம் உரோமன் டச்சுச் சட்டமாகும். ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய தீர்ப்பின்படி, மறுபயன் இல்லை என்ற காரணத்தால் மட்டும் மாமனின் வாக்குறுதி செல்லாததாகாது. ஆகவே மாமன் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவராவார்."

மல்லாவிப் பெடியன் எழுதியது:

முதல் இரண்டு வரிகளும் நன்று. அந்த "ஆகவே"யை எடுத்துவிடுங்கள், தங்கச்சி. கட்டுப்படும் எண்ணத்தையும் மருமகளின் பதிற்கடிதத்தையும் நீங்கள் இன்னும் தொடவில்லை.